சீர்வரிசையில் மூன்றாவது டிரம்

போன வாரம் ராமுத்தாயை வேனில் ஏற்றி உட்காரவைத்ததோடு நிறுத்தியிருந்தேன். ஏறும்போது அவள் போட்ட சபதம் அல்லிநகரத்தில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

"முனீஸ்வரி புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு வாரேன். பொறந்த வீட்டுச் சீரோட வாரேன். ஆனா இந்த வண்டிக்குள்ள இருக்க கக்கூஸ்ல நான் ஒக்காந்தேன்னா எம்பேரு ராமுத்தாயி இல்ல!"

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை. பழைய ஆட்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமுத்தாய்க்குச் சர்க்கரை. எங்கே கிளம்பினாலும் முதல் நாள் சாயங்காலத்தில் இருந்தே பச்சைத்தண்ணி குடிக்க மாட்டாள். அப்படியும் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு தரம் எழுந்து போக வேண்டியதாகிவிட்டது. நாத்தனார் முனீஸ்வரி நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எங்க மதினி கல்யாணம் பாக்கவா வாராக? கக்கூஸு எங்கன இருக்குன்னு பாக்கல்ல வாராக!"

எல்லாரும் சிரித்தார்கள். ராமுத்தாய் அன்றோடு விசேஷ வீட்டு வாசப்படி ஏறுவதை விட்டாள்.

மகன் சுரேஷ்கண்ணனுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவன். பழைய டெம்போ டிராவலர் ஒன்றைப் பிடித்து, படுக்கை, அடுப்பு, ஃபேன் எல்லாம் வைத்துக் கேரவன் ஆக்கினான். பின்பக்கம் ஒரு கதவு. கதவுக்குள் தண்ணியில்லாத கக்கூஸ்.

அதில் உட்கார்ந்தால் சிறுசு முன்பக்கமாக ஒரு கேனுக்குப் போய்விடும். பெருசு பின்பக்கம் டிரம்முக்குப் போகும். கழுவுவதற்குப் பக்கத்திலேயே தனித் தொட்டி. டிரம் அடியில் முன்கூட்டியே கால்வாசி தென்னை நார்த்தூள், முடிந்ததும் மேலே இன்னும் ரெண்டு கரண்டி. அவ்வளவுதான். வெளிநாட்டில் பிளாஸ்டிக் டப்பா வைப்பார்களாம். இவன், "கழுவ லேசும்மா" என்று எவர்சில்வர் டிரம் வைத்துவிட்டான்.

அந்த டிரம் எங்கே வாங்கினான் தெரியுமா? தேனியில், முனீஸ்வரிக்குச் சீர்ப் பாத்திரம் எடுத்த அதே கடையில், அதே நாள். சீருக்கு ராமுத்தாய் பொறுக்கி எடுத்த அரிசி டிரம் ஒன்று. அதே மாதிரி கக்கூஸுக்கு ஒன்று, மாற்றிப் போட இன்னொன்று. ஆக மூன்று டிரம். மூன்றும் அச்சு அசல் ஒன்று போல. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், இன்றைய கூத்தெல்லாம் அதில்தான்.

வேன் உத்தமபாளையம் தாண்டிக் கம்பத்தை நெருங்கியது. ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பின்னால் சீர்ச் சாமான்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

"ஏலே சுரேசு, இந்தக் கருமத்துல நல்லது ஒண்ணு சொல்லு பாப்பம்" என்றாள் ராமுத்தாய்.

"நெறைய இருக்கும்மா. தண்ணி சொமக்க வேணாம். தண்ணி ஊத்துற கக்கூஸுன்னா வண்டில பாதி எடம் தொட்டிக்கே போயிரும், இந்த மலையேத்தம் ஏறாது. அடியில சாக்கடைத் தொட்டி கெடையாது. அத எங்கன கொண்டுபோயிக் கொட்டன்னு ஊர் ஊரா அலைய வேணாம்."

மருமகள் அனுசுயா குறுக்கே வந்தாள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படித்தவள். புருசன் பெருமை அடித்தால் அவளுக்குப் பொறுக்காது.

"கெட்டதையும் சேத்துச் சொல்லுங்க. கேன அன்னாடம் காலி பண்ணணும். ஒரு நாள் விட்டா நெடி ஊரக் கூட்டிரும். டிரம்முக்குள்ள தண்ணி பட்டா போச்சு. அதுல இருக்கது ஒரு வருசமாச்சும் ஆறணும். அதுக்கப்புறமும் காய்கறிப் பக்கம் கொண்டு போகக்கூடாது, தென்ன மரத்துக்குப் போட்டுக்கலாம். ஒக்காரவே பழகணும் அத்தே. முன்னப்பின்ன ஒக்காந்தா ரெண்டும் கலந்துரும்."

"நான் நேத்து மூடிய மூடிவச்சு அதுமேல ஒக்காந்து பாத்தேன்" என்றார் ராமுத்தாயின் புருசன் தங்கப்பாண்டி. வாழைத்தோப்புக்காரர். எதையும் ஒருதரம் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு. "சொகமாத்தேன் இருக்கு."

"நீங்க சும்மா இருங்க!"

"இன்னைக்கு அத்தை வீட்டு வாசல்ல வச்சு டிரம்மத் தொறந்து எல்லாருக்கும் காட்டப்போறேன்" என்றான் சுரேஷ்கண்ணன். "காலியா இருந்தா பளபளப்பப் பாப்பாக. யாராச்சும் போயிருந்தா இன்னும் நல்லது. மோந்து பாருங்கன்னு நீட்டுவேன்ல!"

ராமுத்தாய்க்கு அடிவயிற்றில் ஒரு இழுப்பு இழுத்தது. மகன் சொன்னதாலா, காலையில் பயத்தோடு விழுங்கிய இடியாப்பத்தாலா, தெரியவில்லை.

கம்பம்மெட்டு ரோட்டில் நாலாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. மேலே வாழைத்தார் லோடு லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறதாம். முன்னால் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் வரிசை. பின்னாலும் வரிசை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஒதுங்க ஒரு புதர் கிடையாது.

அப்பனும் மகனும் லாரியைத் தள்ளப் போனார்கள். அனுசுயா செல்போனைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனாள்.

ராமுத்தாய் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். வீரபாண்டி கௌமாரியம்மனைக் கூப்பிட்டாள். ஜன்னல் வழியே கம்பத்துத் தோப்புகளைப் பார்த்தாள். வேறு நினைப்பு வரட்டும் என்று முனீஸ்வரியைத் திட்டிப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. சிறுசு மட்டும் என்றால்கூட அடக்கியிருப்பாள். வயிறு கலக்கிக்கொண்டு வந்தது.

"ஆத்தா கௌமாரி, நீ பாக்காத, நானும் சொல்லல" என்று எழுந்து பின்கதவைத் திறந்தாள்.

மேலே நான் எழுதவில்லை. அவள் மரியாதை என் கையில் இருக்கிறது.

முடித்து எழுந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரெண்டு கரண்டி தூள் போட்டாள். குனிந்து மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. மழைக்குப்பின் தென்னந்தோப்புக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசம், அதுவும் லேசாக. சின்ன ஃபேன் 'உர்'ரென்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அட, இதுக்காடி இத்தன வருசம் தண்ணி குடிக்காமக் கெடந்த?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. ஒரு செம்புத் தண்ணியை எடுத்து, மடமடவென்று முழுசும் குடித்தாள்.

குடித்து முடித்தபிறகுதான் புத்தி வேலை செய்தது. மகன் வாசலில் வைத்து டிரம்மைத் திறப்பானே! "எங்கம்மா போயிட்டா!" என்று துள்ளுவானே! முனீஸ்வரி காதில் விழுந்தால்?

வெளியே இன்ஜின்கள் உறும ஆரம்பித்தன. லாரியை ஒதுக்கிவிட்டார்கள் போல. ராமுத்தாய் பரபரவென்று டிரம்மை உருவினாள். மூடியை அழுத்தி மூடினாள். மகன் எத்தனை தரம் விளக்கியிருக்கிறான், அவளுக்கா தெரியாது? கட்டிலுக்கடியில் இருந்த மாற்று டிரம்மைத் தள்ளிப் பொருத்தினாள். இதை எங்கே வைப்பது? சீர்ச் சாமான்களுக்குப் பின்னால், மூலையில். கையில் அகப்பட்ட துணியைப் போட்டு மூடினாள்.

கையில் அகப்பட்டது சீர்த்தட்டில் வைத்திருந்த சிவப்பு ஜரிகைத் துண்டு. அவசரத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"என்னத்தே, முகமெல்லாம் தெளிச்சியா இருக்கு?" என்றபடி ஏறினாள் அனுசுயா.

"மலைக்காத்து" என்றாள் ராமுத்தாய்.

முனீஸ்வரி கட்டியிருந்தது நல்ல வீடுதான். ஏலத்தோட்டத்துக்கு நடுவில், ரோஸ் கலரில், ரெண்டு மாடி. வேனை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு மேலே நடந்து போக வேண்டும். உறுமிமேளம் தயாராக நின்றது. ராகுகாலம் தொடங்குமுன் சீர் வாசல் ஏறியாக வேண்டும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"மதினி, நீங்க குத்துவிளக்கத் தூக்கிட்டு முன்னால வாங்க!" முனீஸ்வரி கழுத்து நிறைய நகையோடு ஓடி வந்து கையைப் பிடித்தாள். பேச்சில் தேன். முகத்தில் மட்டும் என்னவோ ஒரு வாட்டம். காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றாள்.

ராமுத்தாய் விளக்கோடு முன்னால் போனாள். நிமிர்ந்து போனாள். எத்தனை வருசத்துக்கப்புறம் ஒரு விசேஷத்துக்குள் தலைநிமிர்ந்து போகிறாள்! மேளம் அடிக்க அடிக்க அவளுக்கு நடையே துள்ளலாக வந்தது.

சொந்தக்காரப் பயல்கள் வேனுக்குள் ஏறிப் பளபளத்ததையெல்லாம் இறக்கினார்கள்.

பாதி ஏற்றத்தில், பின்னால் ஒரே விசில். என்ன என்று திரும்பினாள்.

தங்கப்பாண்டி! தலையில் சும்மாடு, அதன்மேல் சிவப்பு ஜரிகைத் துண்டு போர்த்திய டிரம். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையை வீசி, உறுமிக்கு ஆடிக்கொண்டே வருகிறார். அண்ணன்காரன் தன் தலையில் ஒன்றாவது சுமந்து வர வேண்டும் இல்லையா? இருப்பதிலேயே அலங்காரமாக இருந்ததை அவர் எடுத்துக்கொண்டார்.

ராமுத்தாய் விளக்கோடு அப்படியே திரும்பிக் கத்தினாள்.

"ஏங்க! அத எறக்குங்க!"

"என்னது? ஏத்தணுமா?" மேளச் சத்தத்தில் அவர் டிரம்மை இன்னும் உயர்த்திப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். கூட்டம் கைதட்டியது.

விளக்கைக் கீழே வைக்க முடியாது. வரிசையை விட்டு விலக முடியாது. அந்த டிரம் ஒவ்வொரு குலுக்கு குலுங்கும்போதும் ராமுத்தாய் மூடி நிற்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆனால் ஒன்று. டிரம்முக்கு அடியில் இருந்த புருசன் மூக்கைச் சுளிக்கவில்லை. பக்கத்தில் பூத்தட்டோடு வந்த பெண்களும் சுளிக்கவில்லை.

கூடத்தில் ஜமுக்காளத்தின்மேல் சீரைப் பரப்பினார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு முத்துராஜா நின்றான். தேனிப் பக்கம் எந்த விசேஷத்திலும் மைக் அவன் கையில்தான்.

"பொறந்த வீட்டுச் சீர்! குத்துவிளக்கு ஒண்ணு! பித்தள அண்டா ஒண்ணு! அரிசி டிரம்மு ஒண்ணுக்கு ரெண்டு! யாருக்கு வரும் இந்த மனசு!"

முனீஸ்வரி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள் முகம் மாறியது.

"மதினி, இருவத்திரண்டு வருதே! சீரு ஒத்தப்படைல இல்ல இருக்கணும்?"

ராமுத்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆமாத்தா, இருவத்தொண்ணுதேன் வச்சோம். ஒண்ணு தப்பா வந்துருச்சு. அந்தா, அந்தச் சிவப்புத் துண்டு போட்டத வண்டிக்கே எடுத்துட்டுப் போயிர்றேன்."

"ஐயோ, அது எப்புடி? பொறந்த வீட்டுச் சீரு வாசல் ஏறி வந்துட்டா திரும்பிப் போகக்கூடாதுல்ல! அதுவும் எங்கண்ணே தலைல சொமந்து வந்தது." முனீஸ்வரி திரும்பி, "ஏத்தா, ஒரு தேங்காயக் கொண்டாந்து வையி, இருவத்துமூணாயிரும்!" என்று கூவினாள்.

தேங்காய் வந்தது. கணக்கு சரியானது. ராமுத்தாய்தான் சரியாகவில்லை. இந்த டிரம் உள்ளே போனால் சாமி அறைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். நாளைக்கு அரிசி கொட்டுவார்கள். தன் மானம் பெருசா, அடுத்தவள் வீட்டுச் சோறு பெருசா?

முனீஸ்வரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

"முனீஸ்வரி, நான் ஒண்ணு சொல்லுவேன். நீ சிரிச்சாச் சிரி. ஊரக் கூட்டினாக் கூட்டு. அந்த டிரம்மு சீர் இல்ல."

"பெறகு?"

காதில் சொன்னாள். முழுசும் சொன்னாள். லாரி, வளைவு, இடியாப்பம், ரெண்டு கரண்டி தூள், சபதம், துண்டு, எல்லாம்.

 ராமுத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

சிரிப்பு வரவில்லை.

"மதினி..." முனீஸ்வரியின் குரல் இறங்கியிருந்தது. "அந்த வண்டி கக்கூஸுக்குத் தண்ணி வேணாமா?"

"வேணாம். கழுவ ஒரு செம்பு போதும்."

"வீட்டுல அஞ்சு கக்கூஸு கட்டியிருக்கோம் மதினி. அஞ்சும் டைல்ஸு. நேத்து ராத்திரி மோட்டாரு பொகஞ்சு போச்சு, மேல ஒரு சொட்டுத் தண்ணி ஏறல. வந்த பொம்பளைக எல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிக்குறாக. நான் விடியக்காலைல இருந்து வாயில ஒரு மொடக்குத் தண்ணி ஊத்தல." அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "அன்னைக்கி மண்டபத்துல அப்புடிச் சொன்னேன்ல. தப்பு மதினி. இன்னைக்கித்தேன் தெரியுது நீங்க பட்ட பாடு."

ராமுத்தாய்க்கு ஒரு நிமிஷம் குளுகுளுவென்றுதான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலை மாற்றி மாற்றி ஊன்றுகிற அந்த நிற்பு அவளுக்குத் தெரியாத நிற்பா?

"வா" என்றாள். "கொல்லப்பக்கமாப் போவோம். முன்னால தள்ளி ஒக்காரணும். நான் சொல்லித் தாரேன்."

கால் மணி நேரம் கழித்து முனீஸ்வரி வேனிலிருந்து இறங்கினாள். மலைக்காற்று பட்ட முகம். இறங்கியதும் மதினியைக் கட்டிக்கொண்டு, இப்போதுதான் சிரித்தாள். ராமுத்தாயும் சிரித்தாள். அவர்களைத் தாண்டித் தங்கப்பாண்டி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "நானும் ஒருதரம் நெசமாவே போயிப் பாத்துர்றேன்" என்று வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மொதல்ல அந்த டிரம்ம எடுப்போம் மதினி" என்றாள் முனீஸ்வரி.

கூடத்துக்கு வந்தால் டிரம்மைக் காணோம். சிவப்புத் துண்டு மட்டும் தேங்காய்மேல் கிடந்தது. முனீஸ்வரியின் புருசன் வைகுண்டராஜ், முத்துராஜா, சுரேஷ்கண்ணன், அனுசுயா எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

"ஏங்க, இங்கன இருந்த டிரம்மு எங்க?"

வைகுண்டராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எம்மச்சான் மனசு யாருக்கு வரும்! ஏல நாத்துக்குப் போட நார்த்தூளு சொமந்துட்டு வந்திருக்காக, ஒரு வார்த்த சொல்லல பாத்தியா! தொறந்து மோந்து பாத்தேன். சலிச்ச தூளு, ஒரு கெட்ட வாசம் கெடையாது. இப்பத்தேன் ஜீப்புல ஏத்தி நர்சரிக்கு அனுப்பினேன். அங்கன பொம்பளையாளுக பையில மண்ணு ரொப்பிட்டு இருக்காக. கையோட கலந்துருவாக."

அனுசுயா புருசனைப் பார்த்தாள். "நம்ம டிரம்மு வண்டில தான இருக்கு?"

"ரெண்டும் இருக்கும்..." என்றவன் நிறுத்தினான். "சீர்ல ரெண்டு டிரம்மு இருந்துச்சா?"

"ஒரு வருசம் ஆறணுமே! வெறுங்கையால கலப்பாகளே!" அனுசுயா தலையில் கை வைத்தாள். "யாரு போனது? மாமா மூடிமேலதான ஒக்காந்தாக?"

முனீஸ்வரி ராமுத்தாயின் விரலைப் பிடித்து அழுத்தினாள், சொல்ல வேண்டாம் என்பது போல. என்ன பொய் சொல்லலாம் என்று அவளே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ராமுத்தாய் யோசிக்கவில்லை.

"நான்தேன் போனேன்! ஆமா, சபதம் போட்ட ராமுத்தாயிதேன்! சொகமாப் போனேன்! இப்ப என்னங்குற? வெறுங்கைய வச்சுருவாக அந்தப் பிள்ளைக, வண்டிய எடுறா சுரேசு!"

முத்துராஜாவின் கையில் மைக் இருந்தது. அதை அவன் அணைக்கவில்லை. அல்லிநகரத்துத் தெருவில் போட்ட சபதம், கம்பம்மெட்டு மலை முழுக்க முறிந்தது.

அடுத்த நிமிஷம் பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மதினியும் நாத்தனாரும் சரிவில் கீழே ஓடினார்கள். முன்னால் சுரேஷ்கண்ணன், பின்னால் அனுசுயா. வேன் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. கீழே ரெண்டு வளைவு தள்ளி அந்த ஜீப் போவது தெரிந்தது. அதன் பின்பக்கத் தட்டில் கூலிக்காரப் பெண்களின் தூக்குவாளிகளுக்கு நடுவே வெயிலில் டிரம் மினுங்கியது.

"வெரசா ஓட்டு மருமகனே!" என்றாள் முனீஸ்வரி.

பின்கதவு டமடமவென்று தட்டப்பட்டது.

"ஏலே! யாருடா வண்டிய எடுத்தது? நான் உள்ள இருக்கேன்டா!"

சுரேஷ்கண்ணன் பிரேக்கில் கால் வைக்கப் போனான். ராமுத்தாய் அவன் தோளைத் தட்டி, "நீ ஓட்டுடா" என்றாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லங்க! கம்பியப் புடிச்சுக்கங்க. எந்திரிக்கையில ரெண்டு கரண்டி தூளு போட மறந்துராதீக!"